அலமாரிக் கண்ணாடியில் படித்த பாடம்

எனக்கு வயது எண்பத்தெட்டு. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது. இரண்டு, என் கொழுந்தன் பெண்சாதி இறந்தபோது என் மடிக்கு வந்தது. ஏழும் நன்றாக இருக்கின்றன. ஒன்றுகூட அடுத்தவர் வாசலில் போய்க் கைநீட்டி நிற்கவில்லை.

நான் படித்தது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை. ஜப்பான்காரன் வந்ததும் அதுவும் நின்றுபோனது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு சாயங்காலம் ஆகும். ஆகட்டும். நான் எங்கும் அவசரமாகப் போக வேண்டியதில்லை.

இதை எழுதக் காரணம் என் கடைசிப் பேத்தி. அவள் பயாலஜி டியூஷன் போகிறாள். ஒரு டீச்சர், ஒரு பிள்ளை, எதிரெதிரே நாற்காலி போட்டுப் படிப்பு. போன வாரம் படத்தை விரித்து வைத்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தாள். நான் எட்டிப் பார்த்து, "இது சூல்பை, இது கருக்குழாய்" என்றேன். "பாட்டி, உங்களுக்கு எப்படிலா தெரியும்?" என்று கேட்டாள். படித்தேன் என்றேன். சிரித்தாள். நான் படித்ததுதான் உண்மை. எப்படிப் படித்தேன் என்று சொல்கிறேன்.

வெள்ளைக்கார அரசாங்கம் அவசரகாலம் என்று பெயர் வைத்திருந்த காலம் அது. நாங்கள் இருந்தது கோலசிலாங்கூருக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக் கூடாது என்று, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த லயத்து வீடுகளை ஒரே இடத்தில் கூட்டி, சுற்றிலும் முள்கம்பி போட்டுவிட்டார்கள். ஒரே கேட். காலை ஆறு மணிக்குத் திறக்கும், சாயங்காலம் ஆறு மணிக்கு அடைக்கும். உள்ளே வருகிறவரையும் வெளியே போகிறவரையும் தடவிப் பார்ப்பார்கள். வெளியே ஒரு பிடி சோறு கொண்டு போக முடியாது. பட்டையைக் கீறிப் பாலெடுக்க மரம் வெட்டப் போகிறவள் பசித்த வயிற்றோடு போய்ப் பசித்த வயிற்றோடுதான் திரும்ப வேண்டும். உள்ளே கொண்டுவருகிற சாமானுக்கும் அதே சோதனைதான்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது, இரண்டு பிள்ளை. காலையில் பால்மரம் வெட்டுவேன். மத்தியானத்துக்கு மேல் பெரிய கிராணி வீட்டில் வேலை. தோட்டத்து ஆபீசில் துரைக்கு அடுத்தபடி அவர்தான். வேதக்காரக் குடும்பம், நல்லவர்கள். கிராணியம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிடத் தாராளம். எதைக் கொடுத்தாலும் நிறையக் கொடுப்பார்.

அவர்களுக்கு ஒரே பெண். பத்தொன்பது வயதாகியும் எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிட்டோம். கோலாலம்பூரில் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் தங்கிப் படித்தவள். சீமையிலிருந்து கேள்வித்தாள் வருமே, அந்தப் பெரிய பரீட்சையை எழுதினாள். மற்றதெல்லாம் தேறி, பயாலஜியில் மட்டும் விழுந்துவிட்டாள். நர்ஸ் படிப்புக்கு அந்த ஒன்றைத்தான் கேட்டார்கள்.

பெரிய கிராணி சத்தம் போடவில்லை. "இன்னொரு தடவை எழுது. அதுலயும் வரலன்னா ராசாவுக்குப் போக வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

ராசா என்கிற ஊரில் பாப்பாவின் மாமன் மகன் துணிக்கடை வைத்திருந்தார். அவருக்குப் பாப்பாவைக் கொடுப்பதாகப் பேச்சு. பையன் நல்ல பையன்தான். "அக்கா, அவரு மூக்கால பேசுறாரு. ஆயுசு பூரா அதை நான் கேக்கணுமா?" என்பாள் பாப்பா. அது விளையாட்டுக்குச் சொன்னது. உண்மை என்னவென்றால் அவளுக்கு நர்ஸ் ஆக வேண்டும். அவளே போய்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரஸர் பக்கத்தில் நின்று சீழ்ப் புண் கழுவுவதைப் பார்ப்பாள். முகத்தைச் சுளிக்க மாட்டாள். அப்படி ஒரு பெண்ணை நான் அதற்கு முன்னே பார்த்ததில்லை.

காட்டிலிருந்தவர்கள் பஸ்ஸை நிறுத்திக் கொளுத்திய காலம் என்பதால் அவளை மறுபடியும் கோலாலம்பூருக்கு அனுப்பப் பயம். டவுனில் இங்கிலீஷ் பள்ளியில் வேலை செய்த ஒரு மாஸ்டரை வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். வாரத்தில் இரண்டு நாள், கம்போங் குவாந்தான் பக்கமாகச் சைக்கிளில் வருவார். ஒல்லியான மனிதர். இருபத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை.

அதில்தான் சிக்கல். கல்யாணமாகாத ஆணும் கல்யாணமாகாத பெண்ணும் ஒரே மேசையில் உட்காருவதென்றால் நடுவில் ஒருத்தி இருக்க வேண்டும். அந்த ஒருத்தி நான்.

"நீ காதுல ஒண்ணும் வாங்க வேணாம். கண்ணத் தொறந்து வச்சிருந்தா போதும்" என்றார் கிராணியம்மா.

கண்ணுக்கு இமை இருக்கிறது, மூடலாம். காதை எப்படி மூடுவது? ஓரமாக முக்காலி போட்டு உட்கார்ந்து, ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன். மாஸ்டர் முதலில் இங்கிலீஷில் சொல்லுவார். பாப்பா அப்படியே திருப்பிச் சொல்லுவாள். பிறகு "புரிஞ்சுதா?" என்று கேட்பார். பாப்பா பென்சிலைக் கடிப்பாள். அப்புறம் தமிழில் சொல்லுவார். அப்போதுதான் அவள் முகம் தெளியும். என் முகமும் தெளியும்.

இலை எப்படிச் சமைக்கிறது என்று படித்தோம். ரத்தம் எந்த வழியாகப் போய் எந்த வழியாக வருகிறது என்று படித்தோம். ஒரு நாள் மருந்துத் தண்ணீரில் போட்ட தவளை ஒன்றைப் போத்தலில் கொண்டுவந்தார். கேட்டில் அதைத் தின்னும் சாமான் என்று பிடித்து வைத்துக்கொண்டு, முகர்ந்து பார்த்த பிறகுதான் விட்டார்களாம். நான் எனக்குப் புரியாததைக் கேட்டுவிடுவேன். "மாஸ்டர், நாங்க தினம் வெட்டுறமே, மரத்துக்கு வலிக்காதா?" என்றேன் ஒரு நாள். "மரத்துக்கு நரம்பு கெடையாது அக்கா" என்றார். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தபோது கடைசிப் பாடத்துக்கு வந்தோம். பாப்பா புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள். மாஸ்டர் திறந்தார். அந்தப் பக்கங்கள் திறக்கவில்லை.

வெள்ளை நூலால் விளிம்பைச் சேர்த்துத் தைத்திருந்தது. தலையணை உறைக்குப் போடுவதுபோல நெருக்கமான தையல். கிராணியம்மாவின் கைவேலை என்று பார்த்த உடனே தெரிந்தது. அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. படம் பார்க்கத் தெரியும். ஆணும் பெண்ணும் துணியில்லாமல் வரைந்திருந்த படத்தைப் பார்த்துவிட்டு, பாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஒரு விடுமுறையில் மொத்தப் பாடத்தையும் தைத்துவிட்டார். அந்தப் பாடம் தெரியாமல்தான் பாப்பா முதல் தடவை விழுந்திருக்கிறாள். அதை யாரிடமும் அவள் சொல்லவில்லை.

மாஸ்டர் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டது. "இதுலேர்ந்து ஒரு பெரிய கேள்வி வராம இருக்காது. இதை விட்டுட்டுத் தேறவே முடியாது" என்றார்.

"பிரிச்சிடலாமா?" என்று பாப்பா மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா தைச்சதை நான் பிரிக்க மாட்டேன்" என்றார் மாஸ்டர். "பிரிச்சாலும் எப்படி உனக்குச் சொல்லித்தர்றது? நாளைக்கு உங்க அப்பா முகத்துல நான் முழிக்கணும்."

பாப்பா அழவில்லை. பென்சிலை எடுத்து டப்பாவில் போட்டு மூடினாள். ராசா துணிக்கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டதுபோல அவள் முகம் ஆகிவிட்டது.

இனி சொல்லப்போகிற யோசனை என்னுடையது. பிற்பாடு பாப்பா அதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். நம்ப வேண்டாம்.

மறுநாள் சமையலறையில் கிராணியம்மா மீன் அரிந்துகொண்டிருந்தார். நான் சாம்பலை அள்ளிக்கொண்டே கேட்டேன்.

"அம்மா, எனக்கு மாஸ்டர்கிட்ட ஒரு பாடம் படிக்கணும்."

"நீயா? என்னா பாடம்?"

"தைச்சு வச்சிருக்கீங்களே, அது."

கத்தி நின்றது. "உனக்கு எதுக்குடி அது? உனக்குத்தான் ரெண்டு இருக்கே."

"இருக்கு. எப்படி வந்துச்சுன்னு யாரும் சொல்லலியே."

"எப்படி வந்துச்சுன்னு உனக்குத் தெரியாது?"

"வெளிய நடந்தது தெரியும்மா. உள்ள நடந்தது தெரியாது."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மீனைத் திருப்பிப் போட்டார். "ஆம்பள வாயால அதைக் கேக்க உனக்கு வெக்கமா இல்ல?"

"என் ரெண்டாவது பிள்ளை தலை மாறி நின்னப்போ வந்து எடுத்தது டிரஸர். அவரும் ஆம்பளதான். அன்னைக்குப் போன வெக்கம் இன்னும் திரும்பி வரல."

கல்யாணமானவளுக்குச் சொல்லலாம், கல்யாணமாகாதவளுக்குச் சொல்லக் கூடாது. அதுதான் எங்கள் ஜனங்களின் வழக்கம். ஒரே வீட்டில் ஒரே பேச்சு நடக்கும். குமரி வந்தால் நிறுத்திவிடுவார்கள். கிராணியம்மாவுக்கு அந்த வழக்கத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று என்னைவிட நன்றாகத் தெரியும். இன்னொரு மீனை எடுத்துச் செதில் உரித்தார்.

"அப்போ பாப்பா எங்க இருப்பா?"

"சுவத்தைப் பாத்து உக்காந்து பின்னிக்கிட்டு இருக்கட்டும். நீங்களும் வந்து உக்காருங்க. தப்பா ஒண்ணு வந்தா நிறுத்திடலாம்."

"சுவத்தைப் பாத்துத்தான்" என்றார். "திரும்புனா காலை ஒடிப்பேன்."

மாஸ்டரைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. "அக்கா, நான் போய் உங்களுக்கு எப்படி..." என்று இழுத்தார்.

"ரெண்டு பெத்தவ நான். வெக்கப்படுறதுன்னா நான்தான் படணும். நானே சும்மா இருக்கேன், நீங்க எதுக்கு நெளியிறீங்க?" என்றேன்.

இப்படியாக நான் மாணவி ஆனேன். மாஸ்டருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த வீட்டில் நான் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் கிராணியம்மா, கையில் லேஸ் பின்னும் ஊசி. பாப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே ஒரு தேக்கு அலமாரி நின்றது. கல்யாணத்துக்கு வாங்கியது. படுக்கையறைக் கதவுக்குள் நுழையாததால் ஹாலிலேயே நின்றுவிட்டது. அதன் முன்பக்கம் ஆளுயரத்துக்குக் கண்ணாடி.

மாஸ்டர் என் மூத்தவனின் சிலேட்டில் படம் போட்டார். நான் அதைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். படிக்கிறவள் சிலேட்டை ஏன் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

மாஸ்டர் என்னைப் பார்த்துச் சொல்லுவார். கேள்வி பாப்பாவின் முதுகுப் பக்கமிருந்து வரும்.

"அக்கா, அந்த முட்டை எத்தனை நாள் உயிரோட இருக்கும்னு கேளுங்க."

"மாஸ்டர், அந்த முட்டை எத்தனை நாள் உயிரோட இருக்கும்?"

"ஒரு நாள்தான் அக்கா, அதுக்கு மேல இல்ல."

"ஒரு நாளாம்" என்பேன் முதுகைப் பார்த்து. அவளுக்கும் காது இருக்கிறது. இருந்தாலும் முறை என்று ஒன்று உண்டே.

இரண்டாம் நாள், குழந்தை எப்படி உருவாகிறது என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தபோது கிராணியம்மா ஊசியைக் கீழே வைத்தார்.

"மாஸ்டர், நான் ஒண்ணு கேக்கறேன். ஆணா பொண்ணான்னு யாரு தீர்மானிக்கிறது?"

மாஸ்டர் தடுமாறி, "கடவுள்தான் அம்மா" என்றார்.

"கடவுளை நான் ஞாயித்துக்கிழமை கேட்டுக்கறேன். புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

"ஆம்பளைகிட்டேர்ந்து வர்றதுதான்மா தீர்மானிக்கும். பொம்பளைகிட்ட இருக்கிறது எல்லாம் ஒரே மாதிரிதான்."

ஒரே பெண்ணோடு நின்றுவிட்டது என்று கிராணியம்மாவை அவர் மாமியார் சாகும்வரை சொல்லிக் காட்டியது தோட்டம் முழுக்கத் தெரியும். ஆண்பிள்ளை கொடுக்காதவள் என்று பந்தியில் வைத்தே சொன்னவர் அவர்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் கிராணியம்மா.

மாஸ்டர் சொன்னார். கிராணியம்மா ஊசியை எடுத்துக்கொண்டார். ஆனால் பின்னவில்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பாப்பா தன்னை மறந்து, "அக்கா, சிலேட்டை இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க" என்றுவிட்டாள்.

நான் சிலேட்டைச் சட்டென்று இறக்கினேன். கிராணியம்மா நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தார். கண்ணாடியில் பாப்பாவின் கண் அவரைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"தூக்கேன்டி. கை வலிக்குதா?" என்றார்.

சிலேட்டு சின்னது, கண்ணாடி தூரம். கோடுகள் பாப்பாவுக்குச் சரியாகத் தெரியவில்லை. அடுத்த தடவை பெரிய காகிதத்தில் மசியால் வரைந்து கொண்டுவருகிறேன் என்றார் மாஸ்டர். உறுப்புகளுக்குப் பெயர் எழுதாமல் நம்பர் மட்டும் போடுவதாகவும், நம்பரைப் பார்த்து நான் பெயர் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். நான் என்றால் யார் என்று நால்வருக்கும் தெரியும்.

அடுத்த தடவை மணி நாலாகியும் மாஸ்டர் வரவில்லை. கேட்டிலிருந்து ஒரு காவல்காரர் ஓடிவந்தார். மாஸ்டரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், பெரிய கிராணியை ஆபீசிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள் என்றார். கிராணியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினார். நான் பின்னால் ஓடினேன்.

மணல்மூட்டை அடுக்கிய காவல் கொட்டகையில் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். சட்டை நனைந்திருந்தது. அவருடைய படம் மேசையில் விரிந்து கிடந்தது. மலாய்க்காரப் போலீஸ் சார்ஜன் ஒருவர் அதன்மேல் விரலை வைத்துப் பெரிய கிராணிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மலாயில்தான் சொன்னார், எங்கள் எல்லாருக்கும் மலாய் தெரியும்.

"இது சிலாங்கூர் ஆறு. இங்கே ரெண்டாப் பிரியுது. இந்தப் பக்கம் ஒரு முகாம், அந்தப் பக்கம் ஒரு முகாம். பேர் எழுதாம நம்பர் போட்டிருக்கான். சைக்கிள் சீட்டுக்கு அடியில சுருட்டி வச்சிருந்தான். இதென்ன வரைபடம்னு கேட்டா வாயே தெறக்க மாட்டேங்கிறான்."

அந்தக் காலத்தில் கையால் வரைந்த வரைபடம் ஒருவரிடம் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விசாரணை இல்லாமலே கொண்டுபோய் அடைத்துவிடலாம். மாஸ்டர் அதற்கும் பயந்தார். ஆனால் அதைவிட அதிகமாகப் பெரிய கிராணியின் முகத்துக்குப் பயந்தார். இது இன்ன படம் என்று சொன்னால், இதை யாருக்குச் சொல்லித்தருகிறாய் என்று அடுத்த கேள்வி வரும். அதோடு பாப்பாவின் படிப்பு முடிந்தது. சொல்லாவிட்டால் லோரியில் ஏற்றுவார்கள். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றார்.

பெரிய கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. "ஆறு மாதிரிதான் இருக்கு" என்றார். ஒரு பெண்ணைப் பெற்ற தகப்பன் அவர்.

நான் வாயைத் திறக்கப் போனேன். கிராணியம்மா என்னைக் கையால் ஒதுக்கிவிட்டு மேசைக்குப் போனார்.

"சார்ஜன், உங்களுக்கு அம்மா இருக்காங்களா?" என்று மலாயில் கேட்டார்.

"இருக்காங்க."

கிராணியம்மா நாலாம் நம்பரில் விரலை வைத்தார். "நீங்க இங்கதான் இருந்தீங்க. பத்து மாசம்." விரலைக் கீழே இழுத்தார். "இந்த வழியா வந்தீங்க."

சார்ஜன் படத்தைப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகம் மாறியது. மேசை மேலிருந்த விரலைச் சுடுகிற சட்டியிலிருந்து எடுப்பதுபோல எடுத்துக்கொண்டார். பிறகு படத்தைத் தானே சுருட்டி, இரண்டு கையாலும் கிராணியம்மாவிடம் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. தொப்பியைச் சரி செய்துகொண்டு ரோட்டைப் பார்க்கப் போய்விட்டார். மற்றக் காவல்காரர்கள் அதற்கு முன்பே வெளியே போயிருந்தார்கள்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். முன்னால் கிராணியும் அம்மாவும், பின்னால் நானும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மாஸ்டரும். பாதி வழியில் பெரிய கிராணி வாயைத் திறந்தார்.

"இந்தப் படம் யாருக்கு?" என்றார்.

மாஸ்டர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

"எனக்கு" என்றார் கிராணியம்மா.

"உனக்கா? இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்தப் பாடம்?"

"உங்கம்மா ஒரு கணக்குத் தப்பா எழுதி என் பேருல ஏத்திட்டுப் போய்ச் சேந்துட்டாங்க. நீங்க பெரிய கிராணி, எல்லாக் கணக்கையும் சரி பாக்குறவரு. இதை மட்டும் ஒரு தடவைகூடத் தொறந்து பாக்கல. அதான் நானே ஆள் வச்சுப் படிக்கிறேன்."

"என்னா கணக்கு?"

"வீட்டுக்கு வாங்க, மாஸ்டரையே சொல்லச் சொல்றேன். இல்ல, நடுரோட்டுலயே சொல்லவா?"

பெரிய கிராணி திரும்பி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தரையைப் பார்த்தார். கிராணி என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். அவர் பிறகு எதையும் கேட்கவில்லை. "எனக்கு ஆபீசுல வேலை கெடக்கு" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பினார். அதன்பிறகு பாடம் நடக்கிற நாளில் அவர் ஆறு மணிக்கு முன்னால் வீட்டுக்கு வந்ததே இல்லை. அவர் கோபமாக இருந்தார் என்று நான் நினைக்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் நல்லது என்று புரிந்துகொண்டார். படித்த மனிதர்.

பெரிய படம் வந்த பிறகு பாடம் ஓடியது. நான் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொள்வேன். மாஸ்டர் குச்சியால் தொடுவார். நான் பெயரைச் சொல்லுவேன், தமிழில். முதுகுப் பக்கம் அதையே இங்கிலீஷில் முணுமுணுக்கும். கிராணியம்மாவும் நடுநடுவே சொல்லுவார். ஏழாம் நம்பரில் நாங்கள் இருவரும் சண்டை போட்டோம். அவர் சொன்னதுதான் தப்பு.

கடைசி நாளில் பாப்பா பார்க்காமல் அந்தப் படத்தை வரைந்து, திரும்பாமலே தோளுக்கு மேலாக என்னிடம் நீட்டினாள். நான் மாஸ்டரிடம் கொடுத்தேன். மாஸ்டர் தன் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"என்ன மாஸ்டர்?" என்றேன்.

"எல்லாம் எடம் மாறி இருக்கு. வலது பக்கம் போட்ட நம்பர் எல்லாம் இடது பக்கம்."

கண்ணாடியில் பார்த்து வரைந்தவள் வேறு எப்படி வரைவாள்? இத்தனை பேர் இருந்தோம், ஒருவருக்கும் தோன்றவில்லை. பாப்பாவின் முதுகு விறைத்துப்போனது.

மாஸ்டர் படத்தை இப்படியும் அப்படியும் பிடித்துப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"பாதகமில்ல. கர்த்தர் இதை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி படைச்சிருக்காரு. இதுவே இதயமா இருந்தா, ரத்தம் பூரா எதிர்ப்பக்கம் ஓடியிருக்கும். நாம விழுந்திருப்போம்."

"அதைத்தான் முன்னாடியே நேராப் பாத்துப் படிச்சாச்சே" என்றார் கிராணியம்மா, லேஸை மடித்துக்கொண்டே. "திரும்பி உக்காருடி, கழுத்து வலிக்கப் போவுது. பாடம் முடிஞ்சிடுச்சு."

பரீட்சைக்கு ராணுவ லோரி முன்னும் பின்னும் போக, நடுவில் போன காரில் பெரிய கிராணியே அவளைக் கூட்டிப் போனார். திரும்பி வந்ததும் பாப்பா நேரே சமையலறைக்கு வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"வந்துச்சா?" என்றார் கிராணியம்மா.

"வந்துச்சு."

"வரைஞ்சியா?"

"வரைஞ்சேன். பேரும் எழுதினேன்."

"அப்பா முன்னால அதைப் பத்திப் பேசாதே" என்றார். அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு என் பிள்ளைகளுக்கென்று ஒரு முழு மீனை இலையில் கட்டிக் கொடுத்தார்.

மாதங்கள் கழித்து முடிவு வந்தது. பெரிய கிராணி ஆபீசிலிருந்து நடந்து வந்தார். ஓடவில்லை, ஆனால் தொப்பி போட மறந்திருந்தார். தேறிவிட்டாள். மார்க்கு ரொம்பப் பெரிது என்று சொல்ல மாட்டேன். தேறியது போதும். வருஷம் பிறந்ததும் கோலாலம்பூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். ராசா மாமன் மகன் சுங்கை சோவில் பெண் எடுத்தார். அந்தப் பெண்ணுக்கு அவர் பேச்சு பிடித்திருந்ததாகக் கேள்வி.

பாப்பா கிளம்பிய அன்று கேட் வரை போனேன். காரில் ஏறுமுன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்களும்தான் தேறினீங்க. உங்களுக்கு யாரும் சர்டிபிகேட் தரல" என்றாள்.

"எனக்கு எதுக்கு அது? நான் எங்க வேலை கேட்டுப் போகப் போறேன்" என்றேன். அப்படிச் சொன்னேனே தவிர, உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. வருஷங்கள் கழித்து அவள் பெரிய நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியிலேயே என் கடைசிப் பிள்ளை பிறந்தது. வலியோடு வலியாக நான் அவளிடம் எந்த நம்பரில் இப்போது குழந்தை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பேசாம இருங்க அக்கா என்று அதட்டினாள். நான் சொன்ன நம்பர் சரியாகத்தான் இருந்தது.

இவ்வளவுதான். எழுத்துப்பிழை இருக்கும். கண்ணு, அந்த போனைக் கீழே வை. இப்படி வந்து உட்கார். நான் எழுதியதை முதலிலிருந்து சத்தமாகப் படி. உன் அப்பா ஹாலில் இருந்தால் இருக்கட்டும், அவனும் நாலாம் நம்பரிலிருந்து வந்தவன்தான். வெட்கப்பட்டு எந்த வரியையும் விழுங்காதே. பிழை இருந்தால் எழுத்தைத் திருத்து, பேச்சைத் திருத்தாதே. படி, கேட்கிறேன்.